முன்வரிசையில் இருந்தவர்

கலைஞர்களைப் பற்றி எழுத நம்மிடம் ஏராளமான சொற்கள் இருக்கின்றன. கலைஞருக்குப் பக்கத்தில் நின்று தேதி கொடுத்து, காசு பேசி, எந்த மேடை வேண்டும் எது வேண்டாம் என்று முடிவெடுத்த ஆளைப் பற்றி எழுத வந்தால் இரண்டே சொற்கள்தான் கைக்கு வருகின்றன. ஒன்று, தியாகி. இன்னொன்று, சுரண்டல்காரன். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலையை நன்றாகச் செய்யலாம், மோசமாகவும் செய்யலாம். அதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டு விமர்சிக்க முடியுமா என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் எடுத்துக்கொள்ளும் ஆள் டி. சதாசிவம் (1902–1997). எம்.எஸ். சுப்புலட்சுமியின் கணவர் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். தமிழில் நமக்குக் கிடைத்த மிகப் பெரிய இசை மேனேஜர் அவர் என்பது என் எண்ணம். பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொருவர் வேண்டும். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில், அப்பாவின் கடையில் இசைத்தட்டு விற்றுக்கொண்டிருந்த பிரையன் எப்ஸ்டைன் (1934–1967). பீட்டில்ஸ் குழுவின் மேனேஜர். ராக் இசை உலகத்தில் மேனேஜர் என்றால் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று. சபா கச்சேரிக்கும் ராக் இசைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இசைக்குள் இல்லைதான். ஆனால் இந்த இரண்டு பேரும் செய்த வேலையில் இருக்கிறது.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம். கெடா தோட்டங்களில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகளான எங்களுக்கு ‘மேனேஜர்’ன்னா முதலில் நினைவுக்கு வருவது பங்களாவில் இருந்த துரைதான். அவருக்குக் கீழே கிராணி, கிராணிக்குக் கீழே மண்டோர். அதற்கும் முன்னால், ஊரிலிருந்து ஆள் சேர்த்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்த கங்காணி. இடையில் நிற்பவன் என்றாலே நமக்கு ஒரு சந்தேகம் ரத்தத்தில் இருக்கிறது. அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். அதனாலேயே நம் கலைஞர்களுக்கு நடுவில் நிற்பவரையும் அப்படியே பார்த்துவிடுகிறோம், இல்லையென்றால் அவர் அண்ணனாகவோ புருஷனாகவோ இருந்தால் கேள்வியே கேட்காமல் விட்டுவிடுகிறோம். இரண்டுமே விமர்சனம் கிடையாது.

மேனேஜரின் வேலை என்ன? பணம் வாங்கிக் கொடுப்பது, வண்டி ஏற்பாடு செய்வது எல்லாம் வெளியில் தெரிகிற பகுதி. உள்ளே இருப்பது ஒரே முடிவு: இந்தக் கலைஞர் யாருக்காகப் பாட வேண்டும்? கேட்பவரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் உடை, பாட்டு, மேடை, பேச்சு எல்லாம் அதன் பின்னால் வந்துவிடும். சதாசிவம், எப்ஸ்டைன் இருவரையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் படிக்க முடியும் என்று நினைக்கிறேன்.

இரண்டு படங்களைச் சொல்கிறேன். இணையத்தில் தேடினால் இரண்டுமே கிடைக்கும்.

ஒன்று, 1960-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் அஸ்ட்ரிட் கிர்ஷர் எடுத்த பீட்டில்ஸ் படங்கள். தோல் ஜாக்கெட், எண்ணெய் வைத்து வாரிய முடி, யாரையும் மதிக்காத முகம். இன்னொன்று, 1937 வாக்கில் எடுக்கப்பட்ட எம்.எஸ்ஸின் படம். பக்கத்தில் நடனக் கலைஞர் பாலசரஸ்வதி. இரண்டு இளம்பெண்களும் மேல்நாட்டு இரவு உடையில், கையில் சிகரெட்டோடு, விளையாட்டாகக் கேமராவைப் பார்க்கிறார்கள். பெரியவர்களுக்குத் தெரியாமல் ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்ட படம் என்பார்கள். முதல் தடவை பார்க்கும்போது ஒரு கணம் நம்ப முடியாது. ஏனென்றால் நமக்குத் தெரிந்த எம்.எஸ். காஞ்சிபுரம் பட்டு, மல்லிகை, இரண்டு பக்கமும் மின்னும் மூக்குத்தி, குனிந்த பார்வை.

இரண்டு படங்களில் இருப்பவர்களும் பிறகு காணாமல் போனார்கள். எப்ஸ்டைன் 1961 நவம்பர் 9-ஆம் தேதி லிவர்பூலில் கேவர்ன் என்ற நிலவறை கிளப்பில் முதன்முதலாக பீட்டில்ஸைப் பார்த்தார். மேடையிலேயே சாப்பிட்டு, புகை பிடித்து, கூட்டத்தோடு கெட்ட வார்த்தை பேசிக்கொண்டிருந்த பையன்கள். 1962 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டார். கொஞ்ச நாளில் தோல் ஜாக்கெட் போய் ஒரே மாதிரி கோட்டு சூட்டு வந்தது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் நால்வரும் ஒன்றாகக் குனிந்து வணங்க வேண்டும் என்பதும் அவர் கொண்டுவந்த பழக்கம். அந்த வணக்கம் ரசிகப் பெண்களுக்காகச் செய்யப்பட்டதில்லை. வீட்டுக் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண்களின் அப்பா அம்மாவுக்காக.

சதாசிவம் செய்ததும் இதேதான், இதைவிட ஆழமாக. எம்.எஸ். மதுரையில் வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாக 1916-இல் பிறந்தவர். தேவதாசி மரபுக் குடும்பம். 10 வயதிலேயே இசைத்தட்டில் குரல் பதிவானது. தாய்தான் அவருடைய முதல் மேனேஜர் என்று சொல்லலாம். எங்கே பாடுவது, யார் ஆதரவில் வாழ்வது என்பதைத் தாய் முடிவுசெய்த காலம் அது. 1936-இல் தாயின் விருப்பத்தை மீறி எம்.எஸ். சென்னைக்கு வந்தார். அங்கே சந்தித்தவர் சதாசிவம். ஆகவே ‘சுதந்திரமான எம்.எஸ்ஸை சதாசிவம் வந்து அடக்கினார்’ என்ற கதை சரியில்லை. ஒரு நிர்வாகத்திலிருந்து இன்னொரு நிர்வாகத்துக்கு அவர் வந்தார். வரும் வழியில் ஒரு முடிவை அவரே எடுத்தார். அவர் வாழ்க்கையில் நமக்குத் தெரிந்து அவர் தனியாக எடுத்த பெரிய முடிவு அதுவாகத்தான் இருக்கும்.

சதாசிவம் அப்போது ‘ஆனந்த விகடன்’ பத்திரிகையில் விளம்பரப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருச்சி பக்கம் ஆங்கரை ஊர்க்காரர். இளவயதில் சுப்பிரமணிய சிவாவின் பின்னால் போனவர், பிறகு காந்தி, ராஜாஜி. கதர் விற்றவர், சிறைக்குப் போனவர். அரசியலும் விளம்பரமும் தெரிந்த ஆள். எப்ஸ்டைனும் இதே மாதிரி ஒரு இடத்திலிருந்துதான் வந்தார். இசைத்தட்டுக் கடையை நடத்திக்கொண்டே ‘மெர்சி பீட்’ என்ற உள்ளூர் இசைப் பத்திரிகையில் பத்தி எழுதினார். சரக்கு எது, அதை எந்த ஜன்னலில் வைத்தால் யார் நின்று பார்ப்பார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

1940-இல் சதாசிவமும் எம்.எஸ்ஸும் திருமணம் செய்துகொண்டார்கள். அதற்கு முன்பே ‘சேவாசதனம்’ (1938) படத்தில் எம்.எஸ். நடித்திருந்தார். 1940-இல் ‘சகுந்தலை’. 1941-இல் ‘சாவித்திரி’, அதில் நாரதராக ஆண் வேடம். அந்தப் படத்தில் வந்த பணம்தான் ‘கல்கி’ வார இதழைத் தொடங்க உதவியது. இதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கணும். ஒரு பாடகி நடித்துச் சம்பாதித்த காசில் அவருடைய மேனேஜர் ஒரு பத்திரிகை தொடங்குகிறார். அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கல்கி கிருஷ்ணமூர்த்தி, அந்தக் காலத்தின் செல்வாக்கான இசை விமர்சகர்களில் ஒருவர். அதே கல்கி ‘மீரா’ (1945) படத்துக்குப் பாட்டும் எழுதுகிறார். பாடகி, மேனேஜர், பத்திரிகை, விமர்சகர், பாடலாசிரியர் எல்லாரும் ஒரே முற்றத்தில். இன்று ஒரு இசை நிறுவனம் இப்படி அமைத்துக்கொண்டால் நாம் வேறு மாதிரி பேசுவோம். அன்று அது தேசத் தொண்டாகத் தெரிந்தது. பாதி உண்மையும்கூட. ‘கல்கி’ இல்லாமல் ‘பொன்னியின் செல்வன்’ தொடர் கிடையாது. எம்.எஸ். நாரதர் வேடம் போட்டது நம் வாசிப்பு வரலாற்றிலும் ஒரு சம்பவம்தான்.

‘மீரா’வுக்குப் பிறகு எம்.எஸ். நடிக்கவில்லை. 1947-இல் வந்த இந்தி ‘மீரா’வில் சரோஜினி நாயுடுவே திரையில் தோன்றி எம்.எஸ்ஸை இந்தியாவுக்கு அறிமுகம் செய்தார். மேனேஜர் வேலையில் இது ஒரு உச்சம். சினிமா நடிகை என்ற அடையாளத்தை எவ்வளவு தூரம் பயன்படுத்த முடியுமோ அவ்வளவு பயன்படுத்தி, பக்தை என்ற அடையாளம் கைக்கு வந்ததும் சினிமாவை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரிந்த மேனேஜர்கள் குறைவு.

அவர் தேர்ந்தெடுத்த கேட்பவர் யார் என்பது இதற்குள் தெளிவாகியிருக்கும். புதிதாக விடுதலை பெறப்போகும் ஒரு நாட்டின் மேல்தட்டு: காங்கிரஸ் தலைவர்கள், சபாக்கள், மடங்கள், டில்லி. காந்தி தன் பிறந்தநாளுக்கு எம்.எஸ். ஒரு மீரா பஜனைப் பாட வேண்டும் என்று 1947-இல் கேட்டபோது, அவருக்கு அந்தப் பாட்டு தெரியாது, வேறு யாராவது பாடலாம் என்று பதில் சொன்னவர் சதாசிவம். காந்தி விடவில்லை. கடைசியில் ஒரே இரவில் கற்று, சென்னை வானொலியில் பதிவுசெய்து டில்லிக்கு அனுப்பினார்கள். இந்தக் கதையை எல்லாரும் எம்.எஸ்ஸின் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று கண்ணில் படுகிறது. கேட்டது காந்தி, பதில் சொன்னது சதாசிவம். பாட வேண்டியவர் அந்த உரையாடலிலேயே இல்லை.

அந்தக் காலத்தை மறந்துவிட்டு இதைப் பேசினால் அநியாயம். தேவதாசி முறையைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் வந்தது. அதற்கு முன்பான இருபது வருட விவாதத்தில் அந்த மரபில் பிறந்த பெண்கள் எல்லாருமே பேச்சுப் பொருளாக இருந்தார்கள். மேடையில் அப்படி ஒரு பெண் உட்கார்ந்தால் பாட்டோடு சேர்த்து வேறொன்றையும் தேடும் கண்கள் இருந்தன. அந்தக் கண்களை சதாசிவம் தாழ்த்தினார். பட்டுப்புடவை, குங்குமம், முன்வரிசையில் கணவர், கச்சேரிக் காசு கஸ்தூரிபா நினைவு நிதிக்கோ மருத்துவமனைக்கோ கோயிலுக்கோ போகிறது என்ற அறிவிப்பு. இதற்குப் பிறகு யாரால் என்ன சொல்ல முடியும்? எப்ஸ்டைன் கோட்டு சூட்டால் செய்ததைவிட இது பல மடங்கு கடினமான வேலை.

ஆனால் விலை? பீட்டில்ஸ் கோட்டு போட்டதால் அவர்கள் யாருடைய பிள்ளைகள் என்பதை மறைக்க வேண்டியிருக்கவில்லை. லிவர்பூல் உச்சரிப்பு அப்படியே இருந்தது, அதுவே அவர்களின் அடையாளமாகவும் ஆனது. எம்.எஸ். விஷயத்தில் மதுரை வீட்டு மரபைப் பேசாமல் விட்டதுதான் நுழைவுக் கட்டணம். டி.ஜே.எஸ். ஜார்ஜ் 2004-இல் எழுதிய வாழ்க்கை வரலாறும், டி.எம். கிருஷ்ணா 2015-இல் எழுதிய நீண்ட கட்டுரையும் இந்த இடத்தைத் தொட்டுப் பேசியபோது பலருக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் கோபம் வருகிறதென்றால் அந்த மேனேஜரின் வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது கேள்வி, எதைத் தொட்டார், எதைத் தொடாமல் விட்டார். எப்ஸ்டைன் பாட்டுக்குள் கை வைக்கவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒருமுறை ஏதோ கருத்துச் சொல்லப்போக, ஜான் லெனன் எல்லார் முன்னாலும் அவரை முகத்தில் அடித்தாற்போல் நிறுத்தினார் என்று அங்கிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மேனேஜருக்கு அது அவமானம். ஆனால் அந்த எல்லை இருந்ததால்தான் பீட்டில்ஸால் வளர முடிந்தது. 1966 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் கடைசிக் கச்சேரியை முடித்துவிட்டு, இனி மேடை வேண்டாம், ஸ்டூடியோவே போதும் என்று நான்கு பேரும் முடிவெடுத்தார்கள். மேனேஜருக்கு அதில் லாபமே இல்லை. அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த கூட்டத்தையே அவர்கள் உதறினார்கள்.

அதே 1966-இல், இரண்டு மாதம் கழித்து அக்டோபர் 23-ஆம் தேதி, எம்.எஸ். நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். காஞ்சிப் பெரியவர் இயற்றிய சமஸ்கிருதப் பாடல் ஒன்று, ராஜாஜி எழுதிய ஆங்கிலப் பிரார்த்தனை ஒன்று. எங்கே பாடுவது, என்ன பாடுவது, அதன் பொருள் என்ன, எல்லாம் அவரைச் சுற்றியிருந்த ஆண்கள் நெய்தது. அதைப் பாடிய குரல் மட்டும் அவருடையது. சொந்த ஊர்க் கச்சேரிகளிலும் சதாசிவம் முன்வரிசையில் உட்கார்ந்து அடுத்த பாட்டு என்ன, எதைச் சுருக்குவது என்று சைகை காட்டுவார் என்பது அந்தக் கால ரசிகர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கேட்பவர் கூட்டம் பெரிதாகப் பெரிதாக பஜனைகளுக்கும் பிறமொழிப் பக்திப் பாடல்களுக்கும் இடம் கூடியது. மனம் போன போக்கில் விரியும் ஆலாபனைக்கு நேரம் குறைந்தது என்று விமர்சகர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இளவயதுப் பதிவுகளைக் கேட்டுவிட்டுப் பிற்காலப் பதிவைக் கேளுங்கள். பின்னதில் ஒரு பிழை கிடைக்காது. முன்னதில் அடுத்து எங்கே போகப்போகிறார் என்று தெரியாத ஒரு துடிப்பு இருக்கும். அந்தத் துடிப்பு எனக்குப் பிடிக்கும்.

மூன்றாவது கேள்வி பணம். இங்கேதான் இரண்டு பேரும் முழுசாகப் பிரிகிறார்கள், இரண்டு பேருமே தோற்கவும் செய்கிறார்கள். எப்ஸ்டைன் 25 சதவீதம் வரை எடுத்தார். நேர்மையானவர், ஆனால் உலகம் முழுக்க பீட்டில்ஸ் பெயரில் பொம்மை, விக், சட்டை விற்கும் உரிமையைக் கைமாற்றியபோது 90 சதவீதத்தை வேறொரு நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டு 10 சதவீதத்தை வைத்துக்கொண்டார். இசை வியாபார வரலாற்றில் இன்றும் சொல்லிச் சிரிக்கிற ஒப்பந்தம் அது. சதாசிவம் சதவீதமே பேசவில்லை, கொடுத்துக்கொண்டே இருந்தார். 1963-இல் வந்த ‘ஸ்ரீ வேங்கடேச சுப்ரபாதம்’ இசைத்தட்டின் உரிமைத்தொகை திருப்பதி தேவஸ்தானத்தின் வேதபாடசாலைக்குப் போனது. அந்த இசைத்தட்டு எத்தனை வீட்டில் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1970-களில் பெரிய கல்கி தோட்ட வீட்டை விட்டு வாடகை வீட்டுக்குப் போக வேண்டிய நிலைமை வந்தது. பிறகு திருப்பதி தேவஸ்தானமே அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளை ஐந்து இசைத்தட்டுகளாகப் பதிவுசெய்யச் சொல்லி, உதவி என்று சொல்லாமல் உதவியது.

கொடுப்பதைக் குறை சொல்வது கஷ்டம். ஆனாலும் கேட்கணும். அது யார் சம்பாதித்த காசு? கொடுக்கலாமா என்று பாடியவரிடம் கேட்டார்களா? எம்.எஸ். சந்தோஷமாகத்தான் கொடுத்திருப்பார் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் நம்புகிறேன். கேட்காமலேயே ‘சரி’ என்பார் என்று தெரிந்த ஒருவரிடம் கேட்காமல் இருப்பதும் ஒரு நிர்வாக முறைதான்.

இந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். லூனாஸ் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி பாடுகிறாள். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, சுங்கை பட்டாணி வரைக்கும் மேடை. நல்ல குரல். அவளுக்கு வரும் போனை அவள் அண்ணன்தான் எடுப்பார். தேதி, காசு, பாட்டு லிஸ்ட், சேலை நிறம் எல்லாம் அவர்தான். கெட்ட ஆள் கிடையாது. ஷிப்டு முடிந்து தூக்கம் இல்லாமல் கார் ஓட்டுவார், குடித்துவிட்டு ஆடும் கூட்டம் என்றால் எவ்வளவு ரிங்கிட் கொடுத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் இல்லாவிட்டால் அந்த வீட்டில் அவளைப் பாடவே விட்டிருக்க மாட்டார்கள். ஒருநாள் அவளிடம் சும்மா கேட்டேன், “உனக்கு எந்தப் பாட்டு பாட ஆசைம்மா?” கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அண்ணனக் கேக்கணும் ணா” என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவளிடம் அந்தப் பதில் இல்லை.

நான் வேலை செய்வது கூலிம் ஹைடெக் பார்க்கில், இயந்திரங்களோடு. எங்கள் வேலையில் ஒரு லைனைப் பார்த்ததும் முதலில் தேடுவது, எந்த ஒரு இடம் நின்றால் மொத்தமும் நிற்கும் என்பதைத்தான். எவ்வளவு வேகமாக ஓடினாலும் அப்படி ஓர் இடம் இருந்தால் அந்த லைன் நல்ல லைன் இல்லை. மனிதர்களை இயந்திரத்தோடு ஒப்பிடுவது அசிங்கம்தான், தெரியும். ஆனாலும் மேனேஜர்களை அளக்க இதைவிட நேரான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. அவர் போன மறுநாள் என்ன நடக்கிறது?

எப்ஸ்டைன் 1967 ஆகஸ்ட் 27-ஆம் தேதி இறந்தார், வயது 32. பீட்டில்ஸ் அதற்குப் பிறகும் தங்கள் பெரிய பாடல்களில் சிலவற்றைச் செய்தார்கள். ஆனால் 1968-இல் சொந்தமாகத் தொடங்கிய ‘ஆப்பிள்’ நிறுவனத்தை நடத்தத் தெரியவில்லை. அடுத்த மேனேஜர் யார் என்பதிலேயே சண்டை போட்டு 1970-இல் உடைந்தார்கள். பாட்டு அவர்கள் கையில் இருந்தது, கணக்கு இல்லை.

சதாசிவம் 1997 நவம்பரில் 95 வயதில் இறந்தார். அதற்குப் பிறகு எம்.எஸ். பொது மேடையில் பாடவே இல்லை. 1998-இல் பாரத ரத்னா வந்தது. 2004 டிசம்பர் 11-ஆம் தேதி இறந்தார். ஏழு வருடம். இந்த மௌனத்தை அன்பின் உச்சம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது உண்மையாக இருக்கலாம். 80 வயது தாண்டியவர், உடம்பு முடியாமல் இருந்திருக்கலாம். அவரே எல்லாம் அவரால்தான் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தவர். அந்தச் சொல்லை, பாவம் தெரியாமல் சொன்னார் என்று தள்ளும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் அந்தச் சொல்லோடு வழக்கு முடிந்துவிட்டது என்று கோப்பை மூடவும் முடியாது. 60 வருடம் ஒரு கலைஞரின் அடுத்த பாட்டை இன்னொருவர் முன்வரிசையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தால், அந்த நாற்காலி காலியானதும் பாட்டு எங்கிருந்து வரும்?

என் தீர்ப்பு இதுதான். கேட்பவரைத் தேர்ந்தெடுத்த வகையில் சதாசிவம் எப்ஸ்டைனைவிடப் பெரிய மேனேஜர். ஒரு சமூகம் கதவைச் சாத்திக்கொண்டிருந்த காலத்தில் அந்தக் கதவைத் திறந்து, உலகத்தின் மிகப் பெரிய மண்டபங்கள் வரைக்கும் ஒரு பெண்ணின் குரலைக் கொண்டுபோனார். 1963 கோடையில் லிவர்பூல் பையன்கள் பிரிட்டன் முழுக்கக் கத்த வைத்துக்கொண்டிருந்தபோது, அதே நாட்டின் எடின்பர்க் விழாவில் எம்.எஸ். பாடினார். பின்னால் ஒரு நிறுவனமும் இல்லை, ஒரே ஒரு மனிதர்தான். எல்லையை வகுத்த வகையில் எப்ஸ்டைன் பெரியவர். அவரை லெனன் நிறுத்தினார், அவர் நின்றார். சதாசிவத்தை நிறுத்த அங்கே யாரும் இல்லை. நிறுத்த வேண்டியவர் அவரை குருவாக நினைத்தார்.

இந்தக் கதைக்கு லூனாஸில் ஒரு மிச்சம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. சதாசிவம் தேர்ந்தெடுத்த கேட்பவர் பட்டியலில் தோட்டத்து ஜனங்கள் இல்லை. ஆனாலும் குரல் வந்துவிட்டது. விடியற்காலையில் எங்கள் பக்கத்து மாரியம்மன் கோயில்களின் ஒலிபெருக்கியில் ஓடுவது எம்.எஸ்ஸின் சுப்ரபாதம்தான். பெருமாளை எழுப்பும் பாட்டை அம்மன் கோயிலில் போடுகிறார்கள் என்று யாரும் யோசிப்பதில்லை. பால்வெட்டுக்குப் போன பாட்டிகளுக்கு அந்த சமஸ்கிருதத்தில் ஒரு சொல்லும் புரிந்திருக்காது, ஆனால் அந்தக் குரல் கேட்டால் கை தானாகக் குவியும். எனக்கும் அப்படித்தான். ஒரு மேனேஜர் எதிர்பார்க்காத காதுகளிலும் கலை போய் உட்காரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. உடுக்கையும் உறுமியும் ஒலித்த முனியாண்டி கோயில்களில் வளர்ந்த நமக்கு, ‘நல்ல’ பக்தி இசைன்னா இப்படித்தான் இருக்கணும், இப்படிப் புடவை கட்டித்தான் பாடணும் என்று சொல்லாமல் சொல்லிக்கொடுத்ததும் அதே ஒலிபெருக்கிதான். உறுமி அடிக்கும் பையன்களை நம் சங்கங்கள் ரௌடிகளாகப் பார்ப்பதற்கும், பட்டுக் கட்டிப் பாடும் பிள்ளைக்குக் கோப்பை கொடுப்பதற்கும் நடுவில் எங்கோ சதாசிவம் உட்கார்ந்திருக்கிறார். எம்.எஸ். எந்த மரபிலிருந்து வந்தாரோ அதை மறைத்து உருவாக்கிய பிம்பம், கடல் தாண்டி வந்து நம் மரபையும் கொஞ்சம் மறைக்கச் சொல்கிறது. இதற்கு எம்.எஸ். பொறுப்பில்லை. மேனேஜரின் முடிவுகளுக்கு ஆயுள் அதிகம், அவ்வளவுதான்.

மலேசியாவில் நம் பாடகர்களுக்கு நல்ல மேனேஜர் இல்லை என்ற புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். பினாங்கிலிருந்து கிளம்பிய லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களின் ‘அலிகேட்ஸ்’ குழு மலாய்ப் பாடல்களால் நாடு முழுக்கத் தெரிந்த பெயரானதைச் சொல்லி, தமிழில் ஏன் அப்படி நடக்கவில்லை என்று கேட்பார்கள். கேள்வி சரிதான். சந்தை சின்னது, வானொலி நேரம் குறைவு, எல்லாம் உண்மை. ஆனால் மேனேஜர் இல்லை என்பது சரியில்லை. அண்ணன்களும் அப்பாக்களும் புருஷன்களும் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதை வேலை என்று நாம் ஒத்துக்கொள்ளாததால் அதற்கு விமர்சனமும் இல்லை, எல்லையும் இல்லை.

ஒத்துக்கொண்டால் கேட்க மூன்று கேள்விகள் போதும். யாருக்காகப் பாட வைக்கிறீர்கள்? பாட்டுக்குள் எந்த இடத்தில் கையை எடுத்துக்கொள்வீர்கள்? நீங்கள் இல்லாத அன்று அவர் என்ன பாடுவார்? முதல் கேள்விக்கு சதாசிவத்தைப் போலப் பதில் சொல்ல முடிந்தால் பெரிய விஷயம். மூன்றாவது கேள்விக்கு அவரைப் போலப் பதில் சொல்லிவிடாதீர்கள்.